சிங்க வாசலில் கழற்றிய செருப்புகள்

பிரிசில்லாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தொன்பது வருடம் அடுத்தவர் போடப்போகும் ஷூவைப் பார்த்துப் பார்த்தே போய்விட்டது. ஆம்பூரைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் அவள் வேலை. வரிசையாக வரும் ஷூக்களில் இடதையும் வலதையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவாள். தோலின் நிறம் கொஞ்சம் மங்கினாலும் அவள் விரல் அதைத் தனியே ஒதுக்கிவிடும்.

வேலை முடிந்தாலும் பழக்கம் விடவில்லை. கல்யாண மண்டபமோ, சபையோ, வாசலில் சிதறிக் கிடக்கிற செருப்புகளைக் காலாலேயே தள்ளி ஜோடி சேர்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

"பரலோக வாசலுக்குப் போனாலும் நீ முதல்ல செருப்பத்தான் அடுக்குவ" என்பார் கணவர் கிறிஸ்துராஜ்.

அடுக்குவதற்கு அவளுக்கு வீட்டிலேயே ஒரு முக்கியமான ஜோடி உண்டு. கிறிஸ்துராஜின் எம்.சி.ஆர். செருப்பு, மெத்து ரப்பரில் செய்தது. தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றவர் அவர். சர்க்கரை வந்து, பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு முள் ஏறியது. ஏறியது தெரியாமல் இரண்டு நாள் அதன்மேலேயே நடந்தார். இடது காலில் சுண்டுவிரல் போயிற்று. அதிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கால் அளவெடுத்துச் செய்து தரும் மெத்தென்ற அந்தக் கறுப்புச் செருப்பு இல்லாமல் அவர் குளியலறைக்குக்கூடப் போகக்கூடாது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் பிரிசில்லா கண்ணாடி பிடித்து அவர் உள்ளங்காலைப் பார்ப்பாள். கம்பெனியில் ஒரு ஷூவுக்குக் கொடுக்கும் நேரத்தைப் போலப் பத்து மடங்கு நேரம் அதற்கு.

அப்படிப்பட்டவரை எருசலேமுக்கு அனுப்ப மகள் ஃபீபிக்கு மனசே இல்லை. அவள் வேலூரில் நர்ஸ். காயத்துக்குக் கட்டுப் போடும் பிரிவில் வேலை. ஒரு கால் எப்படிப் போகும் என்பதைத் தினமும் பார்ப்பவள்.

ஆனால் கிறிஸ்துராஜ் ஞாயிறு பள்ளி வாத்தியார். இருபது வருடமாக ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எருசலேமின் மதிலை வரைந்து, வாசல்களின் பெயரைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்கிறவர். ஆட்டு வாசல், மீன் வாசல், தண்ணீர் வாசல், குதிரை வாசல். குப்பைமேட்டு வாசல் வரும்போது எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

சபைக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து கிளம்பியபோது ஃபீபி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அம்மாவிடம்தான் போட்டாள்.

"எப்படி அனுப்பறனோ அப்படியே கூட்டினு வரணும். கால் தரையில படக்கூடாது. அவர் வாசலப் பாக்கட்டும். நீ அவர் காலப் பாரு."

அதனால்தான் 2023 பிப்ரவரியில், ஒலிவ மலையிலிருந்து இறங்கி அந்த நகரத்தின் மதிலுக்கு முன்னால் வந்து நின்றபோது, மற்ற எல்லாரும் அண்ணாந்து பார்க்க, பிரிசில்லா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் எவ்வளவு நேரம்தான் கீழேயே பார்ப்பது? ஒரு கணம் தலையைத் தூக்கினாள். அவ்வளவுதான்.

தேன் நிறத்தில் கல். காலை வெயில் பட்டு அந்த நிறம் இன்னும் கனிந்திருந்தது. ஒவ்வொரு கல்லும் ஒரு பீரோ அளவு. மேலே மேலே போய், உச்சியில் பல்வரிசை மாதிரி முடிந்தது மதில். நடுவே வாசல், அதன் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய மிருகங்கள். பக்கத்துக்கு இரண்டு.

"இதுதான் சிங்க வாசல். ஸ்தேவான் வாசல்னும் சொல்வாங்க" என்றான் ஆல்வின். வேலூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் இளைஞன், இந்தக் கூட்டத்தை அழைத்து வந்தவன். உள்ளூர் வழிகாட்டி எலியாஸ் ஆங்கிலத்தில் சொல்வதை அவன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். "ஆனா அது சிங்கம் இல்லையாம், சிறுத்தையாம். இந்த மதிலுக்கு ஐந்நூறு வயசுகூட ஆகல. நம்ம வேலூர் கோட்டையும் இதுவும் ஏறக்குறைய ஒரே காலம்."

"அதுக்கு முன்னாடி?" என்றார் கிறிஸ்துராஜ்.

ஆல்வின் கேட்டுச் சொன்னான்: "அதுக்கு முன்னாடி வேற மதில். அதுக்கும் முன்னாடி வேற. இடிக்க இடிக்க அதே கல்ல எடுத்துக் கட்டினு இருந்திருக்காங்க. இந்த வாசலுக்குப் பக்கத்துலதான் அந்தக் காலத்து ஆட்டு வாசல் இருந்துச்சாம்."

கிறிஸ்துராஜ் வாசலை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார். கரும்பலகையில் அவர் வரையும் ஆட்டு வாசல் தீப்பெட்டி அளவு இருக்கும்.

ஆல்வின் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். "சீக்கிரம் வாங்க, ஒன்பதரைக்கு முதல் இடம்!" அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நடந்தது நடந்திருக்காது.

ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்த முனியம்மா வாசலின் ஓரமாய்ப் போய், செருப்பைக் கழற்றினாள். குனிந்து வாசற்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் விழித்தாள்.

"இன்னா பாக்கற? ஊர்ல நம்ம ஓடு போட்ட சின்னச் சபைக்கே கழட்டிட்டுத்தான் போறோம். இது எருசலேம்."

அந்த நியாயம் போதுமாக இருந்தது. ஒருவர் கழற்றினார். அடுத்தவர் கழற்றினார். ஷூ போட்டிருந்தவர்கள் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார்கள். சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்தார்கள். வாசலுக்கு வெளியே மதிலோரம் செருப்பும் ஷூவுமாய்க் குவிந்தது.

பிரிசில்லாவின் கையும் காலும் அவளைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்தன. தன் செருப்பைக் கழற்றினாள், மற்றதையெல்லாம் ஜோடி சேர்த்தாள். மூக்கு மதிலைப் பார்த்தபடி, பெரியதிலிருந்து சிறியது வரை, நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. கறுப்பில் பட்டை வைத்த ஒரு மெத்தென்ற ஜோடியையும் கை எடுத்தது, நிறுத்தியது, அடுத்ததுக்குப் போயிற்று. மனசு அந்த மிருகங்களிடம் இருந்தது.

உள்ளே கால் வைத்ததும் கூட்டம் கத்தியது. பிப்ரவரிக் குளிரில் கல் பனிக்கட்டியாக இருந்தது.

"ஐயோ, ஃப்ரிட்ஜு மேல நடக்கறாப்பல இருக்குது!"

"இந்தக் குளிர் எவ்ளோ நேரம் தாங்கும்?"

"வேண்டுதல்னா சும்மாவா?"

நாற்பது பேரும் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து, சிரித்துக்கொண்டே போனார்கள். பிரிசில்லாவும் குதித்தாள். குதித்துக்கொண்டே முன்னால் பார்த்தாள். எல்லாத் தலையும் எழும்பித் தாழ, ஒரே ஒரு தலை மட்டும் அலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, நிதானமாய், கல்யாணத்துக்குப் போகிறவரைப் போல.

அவள் குதிப்பதை நிறுத்தினாள்.

"ஃபீபி அப்பா! நில்லுங்க! அங்கியே நில்லுங்க!"

கிறிஸ்துராஜ் நின்றார். குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத் தன் காலைப் பார்த்தார்.

"அடடா."

"இன்னா அடடா? எங்க போச்சு மூளை?"

"அந்த வாசல் முன்னாடி நிக்கும்போது எனக்குக் கால் இருக்கறதே ஞாபகம் வரல பிரிசி."

அவரை ஒரு கடைப் படியில் உட்காரவைத்து, காலைத் தன் பைமேல் தூக்கி வைத்தாள். "இது கீழ இறங்கினா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் தடுப்பு போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் விசில் ஊதினார். அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் ஆளே இல்லாத வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் ஓரத்தில் அவள் அடுக்கிய வரிசை அப்படியே, நூல் பிடித்த மாதிரி நின்றது. கேட்பாரற்று ஒரு பை கிடந்தாலே குண்டு என்று சந்தேகப்படுகிற ஊர் அது.

"சார், மை ஷூ! ஆல் பேர்! செக்கிங் ஓவர்!" கம்பெனியில் கற்ற ஆங்கிலம் முழுவதையும் அவள் அந்தப் போலீஸ்காரர் மேல் கொட்டினாள். அவர் உள்ளங்கையைக் காட்டினார். நில்.

எலியாஸ் மூச்சிரைக்க ஓடிவந்து பேசினார். கனத்த சட்டை மாட்டிய ஒருவர் கையில் கருவியோடு தனியே நடந்து போய், வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குனிந்து குனிந்து பார்த்தார். முனியம்மாவின் ரப்பர் செருப்பை ஒரு குச்சியால் மெல்லத் திருப்பினார். எல்லாம் முடிந்து அவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல, எலியாஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிதறிக் கிடந்தா செருப்புன்னு நினைச்சிருப்பாங்களாம் ஆன்ட்டி" என்றான் ஆல்வின், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "இவ்ளோ ஒழுங்கா இருக்கவும்தான் பயந்துட்டாங்களாம்."

ஒவ்வொருவராக வந்து அவரவர் செருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முனியம்மா தன்னுடையதை மாட்டிக்கொண்டே போலீஸ்காரரின் காலைக் கண்ணால் காட்டினாள். "பரிசுத்த ஊர்ல பூட்ஸோட நிக்கறான். இவன் நம்மள மிரட்றான்."

பிரிசில்லா கறுப்பு ஜோடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

கடைப் படியில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் உள்ளங்காலைத் துடைத்தாள். இடது கால் சுத்தம். வலது காலில், கட்டை விரலுக்குக் கீழே, பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று. பாசிப்பயறு அளவு. அதைச் சுற்றி நூல் மாதிரி ரத்தம்.

"இன்னா இருக்குது?" என்று கேட்டார் அவர், மேலே மதிலைப் பார்த்தபடியே.

அவள் திரும்பி ஆல்வினைக் கூப்பிட்டாள்.

கிளினிக்கில் கண்ணாடியை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். அறைக்கு வந்து வீடியோவில் ஃபீபியைக் கூப்பிட்டார்கள். அவள் காயத்தைப் பக்கத்தில் காட்டச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மகளாக இல்லாமல் நர்ஸாகவே இருந்தாள்.

"ஆழமாத்தான் போயிருக்கு. இனிமே ஒரு அடிகூட வெக்கக்கூடாது. கிருமி எலும்புக்குப் போச்சுன்னா கட்டை விரலும் போய்டும். அப்புறம் நடக்கறதே பேஜார்ப்பா." பிறகு மகளாகி, "அம்மா, நான் உனக்கு இன்னா சொல்லி அனுப்பினேன்?" என்று அழுதாள்.

மறுநாள் எல்லாரும் கல்லறை ஆலயத்துக்குக் கிளம்பினார்கள். சக்கர நாற்காலி கிடைக்கும், ஆனால் சந்தெல்லாம் படிக்கட்டு, நாலு பேர் தூக்க வேண்டும் என்றான் ஆல்வின்.

"அவங்க கல்லறையப் பாக்க வந்தவங்கப்பா. என்னைத் தூக்க வரல" என்றார் கிறிஸ்துராஜ். குரலில் வருத்தமில்லை. முகத்தில் இருந்தது.

எலியாஸ்தான் ஒரு வழி சொன்னார். அவர் தம்பியிடம் கார் இருந்தது. மதிலைச் சுற்றிச் சாலை போகிறது. உள்ளே போக முடியாவிட்டால் என்ன, எல்லா வாசலையும் வெளியிலிருந்து பார்க்கலாமே?

கிறிஸ்துராஜின் முகம் மாறியது. பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்ததும் மனைவியிடம் சொன்னார்: "நான் வெளிய இருந்து பாக்கறேன். நீ உள்ள போய் பாத்துட்டு வந்து சொல்லு."

"எனக்கு இன்னா தெரியும் சொல்றதுக்கு?"

"கண்ணு இருக்குதுல்ல? ஷூவ பாக்கற மாதிரி பாரு."

அப்படித்தான் அவள் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் வடக்கே ஏரோது வாசல். போனாள், வந்தாள், "கதவு முழுக்க இரும்புத் தகடு" என்றாள். அடுத்து தமஸ்கு வாசல். அங்கேதான் அவள் மாறினாள்.

படிகள் இறங்கி இறங்கிப் போய், ஒரு கோபுரம் அளவுக்கு எழுந்து நிற்கிற வாசல். உள்ளே போனால் வழி நேராகப் போகவில்லை. மடிந்து திரும்பியது. பகைவன் குதிரையில் நேரே பாய்ந்து வரமுடியாதபடி அப்படிக் கட்டியது என்று எலியாஸின் தம்பி சொல்லியிருந்தான். ரொட்டித் தட்டைத் தலையில் வைத்தவன், காய்கறிக் கூடைக்காரி, தொப்பி வைத்தவர், அங்கி போட்டவர், எல்லாரும் அந்தத் திருப்பத்தில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். அதற்கும் கீழே, இப்போதைய தரைக்கு அடியில், ரோமர் காலத்து வாசல் ஒன்று தெரிந்தது. வாசலின்மேல் வாசல்.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். நெடுநாள் போட்ட செருப்பின் உள்பக்கம் பாதத்தின் வடிவத்தை வாங்கிக்கொண்டு நடுவில் பள்ளமாகிப் பளபளக்கும். அந்தக் கல்லும் அப்படி ஆகியிருந்தது. ஒரு காலின் தடம் இல்லை அது. வென்றவன், தோற்றவன், வியாபாரி, யாத்திரைக்காரன், அடிமை என்று வந்த ஒவ்வொரு காலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போனதுபோக மீந்த கல். பிரிசில்லா அங்கேயே நின்றாள். யாரோ இடித்தார்கள். நகரத் தோன்றவில்லை.

காருக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"வாசல் மேல வாசல் கட்டியிருக்காங்க" என்றாள்.

புது வாசல் வந்தது. "கட்டி நூத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம். இன்னும் இவங்களுக்கு அது புதுசு" என்று அவள் சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். யோப்பா வாசலுக்குப் பக்கத்தில், ஒரு ஜெர்மன் சக்கரவர்த்தி வந்தபோது வழிவிட மதிலையே உடைத்த இடைவெளியில் இப்போது கார்கள் போய்க்கொண்டிருந்தன. சீயோன் வாசலில் கல் முழுக்கத் துப்பாக்கிக் குண்டு துளைத்த குழிகள். "ஊசி தப்பித் தப்பிக் குத்தின தோல் மாதிரி இருக்குது. அதுல விரல வெச்சுப் பாத்தேன். இவ்ளோ உள்ள போவுது" என்று சுட்டுவிரலைக் காட்டினாள். தெற்கே குப்பை வாசல் வந்ததும் இரண்டு பேரும் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

கிழக்கே திரும்பினதும் அவர் "நிறுத்து, நிறுத்து" என்றார்.

மதிலில் இரண்டு பெரிய வளைவுகள். இரண்டிலும் கதவு இல்லை. கல் வைத்து அடைத்திருந்தது. முன்னால் சரிவு முழுக்கக் கல்லறைகள். பொன் வாசல். நூற்றாண்டுகளாய் மூடிக் கிடக்கிறது. அது ஒருநாள் திறக்கும் என்று காத்திருப்பவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மதத்தில் உண்டு.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இங்க மட்டும் நீயும் நானும் ஒண்ணு பிரிசி. ரெண்டு பேருமே உள்ள போக முடியாது."

அவள் காரிலிருந்து இறங்கவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடைத்த அந்த வாசலை அவரோடு பார்த்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த வாசல் அது ஒன்றுதான்.

கடைசியாகச் சுற்றிவந்து சிங்க வாசல். முந்தின நாள் நின்ற அதே இடம். அங்கே அவருக்குப் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். ஆனால் அவர் கேட்டார்:

"கல்லு எப்படி இருந்துச்சு?"

"எந்தக் கல்லு?"

"நேத்து நான் நடந்தேனே, அந்தக் கல்லு. எல்லாரும் குதிச்சாங்க. நான் நடந்தேன். ஆனா எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

பிரிசில்லா காரை விட்டு இறங்கினாள். வாசலுக்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றினாள். இந்த முறை கீழே விடவில்லை. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டாள். நேற்று விசில் ஊதின அதே போலீஸ்காரர் அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

வெறும் காலோடு அவள் அந்த வாசலின் கீழ் நுழைந்தாள். இன்று குதிக்கவில்லை. அவர் போன மாதிரியே, நிதானமாய், ஒவ்வொரு அடியாய் வைத்தாள். குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்கால்வரை வந்தது. கண்ணில் நீர் வந்தது குளிராலா என்று அவளுக்கே தெரியவில்லை. போய், திரும்பி, அதே போல வந்தாள்.

கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, தன் பாதத்தைக் கையால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஜில்லுனு இருக்குது. தண்ணித் தொட்டில கால விட்டாப்பல. வெளிய சொரசொரன்னு இருக்குது, உள்ள போகப் போக வழவழன்னு ஆவுது. நடுவுல லேசாப் பள்ளம். கால் தானா அதுல போய் உக்காந்துக்குது."

"தானாவா?"

"தானா. அளவெடுத்து செஞ்சாப்பல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சரி. இப்ப போலாம்" என்றார்.

ஊர் திரும்பியதும் ஃபீபி அவரை நேரே வேலூருக்குக் கூட்டிப்போனாள். புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குப் போகவில்லை. கட்டை விரல் இருக்கிறது. கட்டோடு ஆறு வாரம் வீட்டில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார் கிறிஸ்துராஜ். அந்த வாரங்களில் ஞாயிறு பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்றது பிரிசில்லா. மதிலை அவளுக்கு வரையத் தெரியாது. கோணல் கோடாகத்தான் வரும். ஆனால் முதல் ஞாயிறே ஒரு பெண் குழந்தை எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டபோது, அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பு இல்லாத தன் காலைக் காட்டி, "இதாலதான் பாத்தேன்" என்றாள். சபைக்குள் எல்லாரும் வெறுங்காலோடுதான் இருந்தார்கள்.

புண் ஆறி, பாதத்தின் வடிவம் கொஞ்சம் மாறிவிட்டது. பழைய செருப்பு இனி பொருந்தாது. பிரிசில்லா கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறாள். வரும் செவ்வாய்க்கிழமை காலை, வேலூரில் அவர் காலுக்குப் புதிதாக அளவெடுக்கிறார்கள்.